நான்தாங்க பேசுறேன்

அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். யாராவது பாஸ்வேர்டைத் துண்டுத் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்தால், மறுநாள் காலையில் அவர்களுடைய கணக்கு பூட்டிக் கிடக்கும். சின்னவர் பெரியவர் என்ற பேதமே கிடையாது. ஒருமுறை கம்பெனித் தலைவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். வெளியூர் போயிருந்த மனிதர், தங்கியிருந்த ஹோட்டலின் வைஃபையில் புகுந்து ஆபீஸ் கோப்புகளைத் திறக்கப் பார்த்தார். பூட்டு விழுந்துவிட்டது. போனில் வந்து தாம்தூம் என்று குதித்தார். "சார், பேசுறது நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஊர் திரும்பியதும் தலைவர் அவள் மேசைக்கே வந்து, "நான்தாம்மா. கிள்ளிப் பார்த்துக்கோ," என்று கையை நீட்டினார். அந்தக் கதை கம்பெனியில் வெகுநாள் ஓடியது.

அந்தக் கம்பெனி மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் மென்பொருள் செய்து கொடுப்பது. யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அதில் திருட்டுத்தனமாக நுழையப் பார்ப்பவர்களைத் தடுப்பது பூட்டக்காவின் குழுவுக்கு வேலை.

சேர்ந்த புதிதில் அவள் ஹெல்ப் டெஸ்க்கில் இருந்தாள். பிரிண்டர் வரவில்லை, மவுஸ் நகரவில்லை என்று வரும் போன்களை எடுக்கிற வேலை. ஒரு நாள் காலையில் சிறுநீரக சிகிச்சை மையம் ஒன்றிலிருந்து ஒரு நர்ஸ் பேசினார். அங்கே யாரோ மெயிலில் வந்த எதையோ தட்டியிருக்கிறார்கள். எல்லாத் திரையும் உறைந்துபோய்விட்டது. எந்த நோயாளிக்கு என்ன அளவு என்று ஒன்றும் தெரியவில்லை.

"வந்தவங்களையெல்லாம் நாளைக்கு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டிருக்கோம்மா. இதுல சில பேருக்கு நாளைக்குங்கிறதே ரொம்ப தூரம்," என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் அழுதார்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பிரிண்டரில் மனம் ஒட்டவில்லை. படித்தாள், தேர்வு எழுதினாள், பாதுகாப்புக் குழுவுக்கு மாறினாள். போகப்போக அந்தக் குழுவுக்கே தலைவியும் ஆனாள். இதற்கு நடுவே கல்யாணப் பேச்சு சில வருஷம் வீட்டில் நடமாடிவிட்டு, யாரும் உட்காரச் சொல்லாததால் தானாகவே வெளியேறிப் போய்விட்டது.

அப்பாவும் அம்மாவும் வேறு ஊரில், ரயிலில் ஒரு பகல் தூரத்தில் இருந்தார்கள். அப்பா டிரைவிங் லைசென்ஸ் தேர்வு நடத்தி ஓய்வு பெற்றவர். விதி என்றால் அவருக்கு விதி. சொந்த மச்சினன் வளைவில் இண்டிகேட்டர் போட மறந்தான் என்று ஃபெயில் போட்டவர். அந்த மாமா ரொம்ப நாள் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அம்மா பொது நூலகத்தில் வேலை பார்த்தவள். பகல் முழுக்க மற்றவர்களை வாய்மூடச் சொல்லி, தானும் வாய்மூடி இருந்ததற்கெல்லாம் சேர்த்து வீட்டுக்கு வந்து பேசித் தீர்ப்பாள். அப்பா "ம்" கொட்டுவார். நாற்பது வருஷக் குடித்தனம் ஒரு பேச்சும் ஒரு "ம்"முமாகவே நன்றாக நடந்துவந்தது.

மகளுக்கு அம்மாவின் குரல் அப்படியே வாய்த்திருந்தது. லேசான கரகரப்பு, வாக்கியத்தின் கடைசியில் ஒரு சின்ன இழுவை. போனில் எடுத்தது தாயா மகளா என்று தெரியாமல் சொந்தக்காரர்கள் எதையாவது உளறிவைத்து மாட்டிக்கொள்வார்கள். அந்தக் குரலுக்காகத்தான் கம்பெனியில் பயிற்சி வீடியோக்களில் அவளைப் பேசவைத்தார்கள்.

"வர்ற போனெல்லாம் உண்மைன்னு நம்பிடாதீங்க. ரொம்ப அவசரப்படுத்தினா சந்தேகப்படுங்க. சந்தேகம் வந்தா வச்சிடுங்க. மறுபடி மறுபடி அடிச்சா போனையே அணைச்சிடுங்க. மரியாதைக் குறைவா நினைப்பாங்களோன்னு பார்க்காதீங்க."

இப்படி வரிசையாக நிறைய வீடியோ. கிளினிக்காரர்கள் எல்லாரும் சுலபமாகப் பார்க்கட்டும் என்று மேலாளர் அவற்றை இணையத்தில் பொதுவாகவே போடலாம் என்றார். அவளும் நல்லதுதானே என்று தலையாட்டினாள். ஊரில் அப்பா ஒன்று விடாமல் பார்ப்பார். அம்மா ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. "அவ என்கிட்ட பேசுறதைக் கேட்டாலே போதும். ஊருக்குப் பேசுறதை வேற கேக்கணுமா?" என்பாள்.

ஒரு நாள் மதியம், அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. தெரியாத எண். எடுத்தால் மகள் அழுகிறாள்.

"அப்பா, நான்தான்ப்பா. கார் ஒருத்தர் மேல மோதிடுச்சுப்பா. என்னைப் பிடிச்சு வச்சிருக்காங்க. அம்மாகிட்ட சொல்லிடாதப்பா. வக்கீல் பேசுறாராம், அவர் சொல்றபடி செய்ப்பா."

அதே கரகரப்பு. அதே இழுவை. வாழ்நாள் முழுக்க ஊரார் வண்டி ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடித்தவருக்குத் தன் மகளுக்குக் கார் ஓட்டவே தெரியாது என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. வீட்டுக் கூரையை மாற்றுவதற்கென்று சேர்த்து வைத்திருந்தது முழுவதையும், வக்கீல் சொன்ன இடத்துக்கு, வக்கீல் சொன்னபடி அனுப்பிவிட்டார். மாலையில் மகள் சாதாரணமாகக் கூப்பிட்டபோது, "வெளிய விட்டுட்டாங்களா கண்ணு?" என்று கேட்டார். அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அலுவலக மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காவல் நிலையத்தில் அதிகாரி நல்லவராகவே இருந்தார். "உங்களை மாதிரி நிறைய பேர் வர்றாங்க சார். பேசினது ஏதாவது பதிவாகியிருக்கா? ஆதாரம் இருந்தா தேடலாம்," என்றார். இல்லை. அன்றைக்கே அப்பா தன் போனில் வருகிற பேச்சு எல்லாம் தானாகப் பதிவாகும்படி கடைக்காரரிடம் சொல்லிச் செய்துகொண்டார்.

அம்மாதான் தைரியமாக இருந்தாள். "கூரை ஒழுகினா வாளி வச்சுக்கலாம். பொண்ணு கம்பி எண்ணலையே, அதுக்கு சந்தோஷப்படுவாரா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்!"

"போனதுக்கு இல்லடி," என்றார் அப்பா. "என் பொண்ணு குரல் எனக்கே தெரியலையே."

அந்தக் குரல் எங்கிருந்து போயிற்று என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. குழுவில் ஒருவன் இருந்தான். போலிக் குரலை அடையாளம் காட்டும் கருவி ஒன்றை உருவாக்குவது அவன் வேலை. வாயே திறக்கமாட்டான் என்பதால் அவனுக்கு மௌனி என்று பெயர். அவன் அவளுடைய பயிற்சி வீடியோ ஒன்றை எடுத்து, இணையத்தில் யாரும் வாங்கக்கூடிய ஒரு மென்பொருளில் போட்டு, ஏதோ நாலு வார்த்தை தட்டினான். டீ ஆறுவதற்குள் கம்ப்யூட்டர் அவள் குரலில் அழுதது. "அப்பா, நான்தான்ப்பா."

"நிறுத்து," என்றாள் அவள்.

வீடியோக்களை அன்றே எடுத்துவிட்டார்கள். அதற்குள் எத்தனை பேர் அவற்றைச் சேமித்து வைத்திருந்தார்களோ, யாருக்குத் தெரியும்? மேலாளர் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தார். அவள் அவரைக் குறைசொல்லவில்லை. தலையாட்டியது தான்தானே என்று மனதுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு ஒரு யோசனை சொன்னாள். ரகசிய வார்த்தை ஒன்று வைத்துக்கொள்ளலாம். யார் மகள் என்று பேசினாலும் முதலில் அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால், எவ்வளவு அழுதாலும் வைத்துவிட வேண்டும். அப்பாவின் முகத்தில் பல நாள் கழித்துக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. விதி ஒன்று கிடைத்துவிட்டதல்லவா? அப்பாவின் நடையை அம்மா எப்போதும் கிண்டல் செய்கிற பெயரையே வைத்தார்கள். ஒட்டகம்.

"நீயும் ஒண்ணு வச்சுக்கம்மா," என்றாள் மகள்.

"எனக்கு எதுக்கு? நாப்பது வருஷமா இந்த மனுஷன் காதுல ஓதிட்டிருக்கேன். என் குரலுக்கு அடையாள அட்டை வேற வேணுமாக்கும்!" என்று அம்மா எழுந்து போய்விட்டாள்.

அதிலிருந்து அவள் எப்போது கூப்பிட்டாலும் அப்பா முதலில் ஒரே ஒரு சொல்தான் கேட்பார். "வார்த்தை?"

"ஒட்டகம்ப்பா."

"ம். சொல்லு."

பின்னாலிருந்து அம்மா சிரிப்பது கேட்கும். "பெத்த பொண்ணுகிட்ட பாஸ்வேர்டு கேக்கிற அப்பன் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான்!" ஆனால் அப்பா பழையபடி நிமிர்ந்துகொண்டிருந்தார். போலி அழைப்புகள் வரத்தான் செய்தன. ஒருமுறை ஏமாந்தவர் எண்ணை அவர்கள் சுலபத்தில் விடமாட்டார்கள். பேங்க் என்று ஒருவன், கூரியர் என்று ஒருவன், மறுபடியும் மகள் குரலில் ஒருத்தி. வார்த்தை கேட்பார், வைப்பார், எண்ணைத் தடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மகளிடம் பெருமையாகச் சொல்வார்.

அடுத்த வருஷம் அம்மாவுக்குக் கண்ணில் புரை. மகள் இருக்கும் ஊரில் நல்ல கண் மருத்துவர் இருந்ததால், அங்கேயே ஆப்பரேஷன் செய்வது என்று முடிவாயிற்று. அழைத்துப்போக மகள் வந்தாள். வீட்டில் குழாய் மாற்றும் வேலை பாதியில் இருந்தது. ஆட்களை விட்டுவிட்டு அப்பாவால் கிளம்ப முடியவில்லை. ரயில் நகரும் நேரத்தில் ஜன்னலோரம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒரே வார்த்தையை ரொம்ப நாள் வச்சுக்கக் கூடாது. நீதானே வீடியோல சொன்னே. மாத்திடுவோம்."

"இப்பவா? சரி, என்ன வைக்கலாம்?"

பிளாட்பாரத்தில் யாரோ நீலக் குடையோடு போனார்கள். "நீலக்குடை," என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணாபரேஷனுக்குப் போறவளை ஒரு வார்த்தை கேக்கல, குடைக்குப் பேர் வைக்கிறார்!"

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்பாதான் தினமும் கூப்பிட்டு விசாரித்தார். அவரே கூப்பிட்டதால் வார்த்தை சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. அம்மா அவரிடம் குழாய்க்காரர்களுக்கு டீ கொடுத்தாரா, பால்காரருக்குச் சொன்னாரா என்று மூச்சுவிடாமல் கேட்பாள். அவர் "ம்" என்பார்.

கட்டுப் பிரித்து, மறுபரிசோதனைக்குப் போன காலையில்தான் அது நடந்தது. கண் மருத்துவமனை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த அம்மா, பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை நடுவில் நிறுத்தினாள். அம்மா அப்படி நிறுத்துகிறவள் இல்லை. மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்திருந்தாள். வாசலில் நின்ற டாக்சியில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு ஓடியதில் மகளின் கைப்பை டாக்சியிலேயே தங்கிவிட்டது. இரண்டு பேர் போனும் அதற்குள்.

இதயத்திலிருந்து போகும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருக்கிறது, உடனே திறந்தாக வேண்டும், ஆபத்தான ஆப்பரேஷன் என்று டாக்டர் சொன்னார். அறையைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. "உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்," என்றாள்.

நர்ஸ் ஒருவர் மருத்துவமனைப் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். உலகத்திலேயே மகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அப்பாவுடையதுதான்.

"அப்பா, நான்தான்ப்பா." அழக்கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. "அம்மாவுக்கு ரொம்ப முடியலப்பா. ஆஸ்பத்திரியில இருக்கோம்."

அந்தப் பக்கம் குழாய்க்காரர்களின் சுத்தியல் சத்தம் கேட்டது.

"வார்த்தை?"

"ஒட்டகம்ப்பா. ஒட்டகம்!"

போன் வைக்கப்பட்டுவிட்டது. வைத்த பிறகுதான் அவளுக்கு ரயில் ஜன்னல் ஞாபகம் வந்தது. ஆனால் என்ன வார்த்தை? குடை என்று வந்தது. என்ன குடை? மண்டைக்குள் எல்லாம் வெள்ளையாக இருந்தது. ஊருக்கெல்லாம் பாஸ்வேர்டு பாடம் எடுத்தவள், தன் வார்த்தை தெரியாமல் அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"கொண்டா இங்க," என்று அம்மா கையை நீட்டினாள். மகள் மறுபடி எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். அப்பா எடுத்தார். அமைதியான அறை, அவர் பேசியது மகளுக்கும் கேட்டது.

"ஏங்க, நான்தாங்க பேசுறேன்."

"வார்த்தை சொல்லு."

"எந்த வார்த்தைங்க? நான்தாங்க. என் குரல் தெரியலையா?"

"என் பொண்டாட்டி குரலையும் திருடிட்டீங்களாடா? நீங்க எல்லாம் நல்லா இருப்பீங்களா?"

"ஏங்க, கொஞ்சம்…"

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த எண்ணை அவர் தடுத்துவிட்டார்.

அம்மா போனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வலி பொறுக்காமல் உதட்டை ஒரு பக்கம் கடித்துக்கொண்டு, ஆனால் நிஜமாகவே சிரித்தாள். "பாரேன், உங்கப்பா தேறிட்டார். இனிமே அவரை எவனும் ஏமாத்த முடியாது," என்றாள். "வரட்டும், நான் பேசிக்கிறேன்." கதவு திறந்தது. கொண்டுபோய்விட்டார்கள்.

டாக்சிக்காரர் பையைக் கொண்டுவந்து கொடுத்தபோது மதியம் திரும்பியிருந்தது. தன் போனிலிருந்து கூப்பிட்டாள். அப்பாவின் போன் அணைத்துக் கிடந்தது. மறுபடி மறுபடி அடித்தால் அணைத்துவிடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தது அவள்தான். எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவைப் போனில் பிடித்தாள். அந்த அக்கா வீடியோவில் அவளை வைத்துக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். அப்பா சிரித்த முகத்தோடு திறந்தார்.

"இன்னிக்கும் வந்தானுங்க. இந்தத் தடவை ரெண்டு குரல்ல! பிடிச்சிட்டேன்ல," என்றார்.

தையல்கார அக்கா போனை அவர் பக்கம் திருப்பினார். அப்பா திரையில் மகளின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "முகத்தைக்கூடச் செய்வாங்க, நீ சொல்லியிருக்கே," என்றார், அவளிடமா தனக்குத்தானேயா என்று தெரியாமல்.

"நீலக்குடைப்பா," என்றாள் அவள். அந்தச் சமயத்தில் எப்படியோ வந்துவிட்டது.

அம்மா ஆப்பரேஷன் மேசையிலேயே போய்விட்டிருந்தாள். அதை மகள் இனிமேல்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா குழாய்க்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார், மோட்டாரை நிறுத்தினார், பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டுத் தெருவில் இறங்கியவருக்கு ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையாம். தையல்கார அக்காதான் கையைப் பிடித்து ரயிலேற்றி, கூடவே வந்தார்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு அப்பா கேட்டார். "நான் வச்சதும் அவ என்ன சொன்னா?"

"சிரிச்சாப்பா. உங்கப்பா தேறிட்டார், இனிமே எவனும் ஏமாத்த முடியாதுன்னா. வரட்டும், நான் பேசிக்கிறேன்னா."

"எனக்காகச் சொல்றே," என்றார்.

"சத்தியமாப்பா."

"சரிம்மா," என்றார். நம்பவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை சொன்னாலும், "சரிம்மா" என்றுதான் வந்தது.

அவரை அவள் தன்னோடு வைத்துக்கொண்டாள். பகலில் அவர் ஜன்னலோர நாற்காலியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரோடு பேசுகிறார் என்று முதலில் நினைத்தாள். ஒரு நாள் பக்கத்தில் போனபோது கேட்டது. "ஏங்க, நான்தாங்க பேசுறேன்." எல்லாப் பேச்சும் தானாகப் பதிவாகும்படி செய்து வைத்திருந்தாரே, அதுவும் பதிவாகியிருந்தது. அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அழிக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அம்மாவின் கடைசிக் குரல் வேறு எங்கேயும் இல்லை.

ஒரு காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"உங்க ஆபீஸ்ல ஒரு மிஷின் பண்றீங்களாமே, பொய்க் குரலைக் கண்டுபிடிக்கிறது. இதைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கச் சொல்றியா?"

"அப்பா, அது எதுக்கு?"

"ஒருவேளை அவ பேசலையோ என்னவோ. நீ ஓடி ஆடிட்டிருந்திருப்பே, கவனிச்சிருக்க மாட்டே. நடுவுல எவனாவது வந்திருக்கலாம்ல? போட்டுத்தான் பார்க்கட்டுமே."

அவர் கண்ணைப் பார்த்துவிட்டு அவளால் மறுக்க முடியவில்லை.

மௌனியின் இடம் ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. கருவி கிட்டத்தட்டத் தயாராகி, அடுத்த மாதம் கிளினிக்குகளுக்குக் கொடுப்பதாக இருந்தார்கள். மேலாளரும் எழுந்துவந்து அப்பாவுக்கு நாற்காலி போட்டார். மௌனி போனை வாங்கி இணைத்தான். அந்தச் சின்ன அறையில் அம்மாவின் குரல் கேட்டது. எட்டிப் பார்க்க வந்திருந்த குழுக்காரர்களுக்கு அது பூட்டக்காவின் குரலாகவே ஒலித்திருக்கும். ஒருவர் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். திரையில் கோடுகள் ஓடின. கொஞ்ச நேரத்தில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. செயற்கைக் குரல்.

மௌனி அவளைப் பார்த்துத் தலையை லேசாக, இல்லை என்பதுபோல் ஆட்டினான். ஆஸ்பத்திரிப் போன், மோசமான லைன், வலியில் உடைந்த மூச்சு. கருவி தடுமாறியிருக்கிறது என்று அவளுக்கும் தெரிந்தது.

"சிவப்புன்னா என்ன?" என்றார் அப்பா. "அப்போ… அது அவ இல்லையா?"

அவர் முகத்தில் அப்போது வந்ததை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, மகள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம்ப்பா என்று ஒரு சொல் போதும், இந்த மனுஷன் இன்றைக்காவது தூங்குவார். மேலாளர்கூடக் கண்ணால் அதையேதான் சொன்னார்.

"மிஷின் தப்புப்பா," என்றாள். "அது அம்மாதான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

அப்பா மெதுவாகப் பின்னால் சாய்ந்தார்.

"தெரியும்," என்றார். "எடுத்த உடனேயே அவதான்னு தெரிஞ்சுது. ஆனா அன்னிக்கு உன் குரலைக் கேட்டபோதும் இப்படித்தானே தெரிஞ்சுது? அதுக்கப்புறம் என் காதை நான் நம்பல."

மௌனி போனைத் துடைத்து அவர் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் திரும்பாமலே கேட்டார்.

"அங்கேயே பொய் சொல்லியிருக்கலாமே நீ."

"சொல்லியிருக்கலாம்."

"அப்போ, அவ சிரிச்சான்னு சொன்னியே…"

"சிரிச்சாப்பா."

அவர் அழத் தொடங்கினார். அம்மா போன நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்க்கவில்லை. சத்தமில்லாமல், கைக்குட்டையைக்கூட எடுக்காமல், இறங்கும் நிறுத்தம் வரைக்கும் அழுதார். முன்சீட்டிலிருந்த அம்மாள் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

கருவி அடுத்த மாதம் வெளிவரவில்லை. பாதி சரியாகச் சொன்னாலும் பிரயோஜனம்தானே என்று மேலாளர் வாதாடிப் பார்த்தார். "தப்பாச் சொல்ற பாதியில யார் இருக்காங்கன்னு நீங்களே பார்த்தீங்களே சார்," என்றாள். மௌனி மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். இன்னும் செய்துகொண்டிருக்கிறான். அவள் பயிற்சி வீடியோவில் பேசுவதை விட்டுவிட்டு, கிளினிக் கிளினிக்காக நேரிலேயே போகிறாள். ஒரு கிளினிக்கின் வரவேற்பறைப் பெண் கேட்டாள். "மேடம், குரல் சரியா இருக்கு, வார்த்தை மட்டும் தப்புன்னா என்ன செய்யறது?" முன்பென்றால் பட்டென்று பதில் வந்திருக்கும். "வேற வழியில ஒரு தடவை கேட்டுப் பாருங்க. வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி கேளுங்க," என்றாள். அது போதுமா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

அப்பா இப்போது போன் வைத்துக்கொள்வதில்லை. அதனால் மதியம் சாப்பிட அவள் வீட்டுக்கே போய்விடுகிறாள். கூட்டம் ஏதாவது இருந்தாலும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவாள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இரண்டு பேரும் பேச்சுக்குப் பழகாதவர்கள். பேசிக்கொண்டே இருந்தவள் போய்விட்டாள். முதல் சில மாதம் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு ஒரு நாள் அப்பா, அவள் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து செய்தித்தாளை எடுத்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். தடுக்கித் தடுக்கித்தான் படிப்பார். மழை நிலவரம், சாலை மறிப்பு, யாரோ ஒருவர் பழைய சைக்கிளை விற்கிற விளம்பரம் என்று எதையும் விடமாட்டார்.

நடுவில் நிறுத்தி, "கேக்கிறியா?" என்பார்.

"ம்," என்பாள் அவள்.